ஊட்டி உயரத்தில் பழைய பென்ஸ் 240டி: இன்ஜெக்டர் பராமரிப்பும் கையில் வைக்க வேண்டிய பாகங்களும்

லவ்டேல்_240டி | டிசம்பர் 9, காலை 8:10

எல்லோருக்கும் வணக்கம். வண்டி டபிள்யூ123 பென்ஸ் 240டி, 1982 மாடல், ஓ.எம்.616 இன்ஜின், நாலு சிலிண்டர், கை கியர். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐந்தாறு நிமிடம் வெள்ளைப் புகை, கூடவே ஒரு சிலிண்டரில் மட்டும் ஆணி அடிப்பது போல டக் டக் சத்தம். சூடேறியதும் சத்தம் பாதி குறைகிறது, முழுக்கப் போவதில்லை. சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு நடுவில் போகும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் துணி சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ் ஈரமாக இருக்கிறது. குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் கரும்புகையும் வருகிறது.

நாலு நாசிலையும் (இன்ஜெக்டரின் தெளிப்பு முனை) மாற்றிவிடு என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? மலையில் இருந்துகொண்டு எந்தெந்தப் பாகத்தை எத்தனை வாங்கி வைப்பது? தெரிந்த அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

---

வெலிங்டன்_டீசல் | டிசம்பர் 9, காலை 9:35

தம்பி, நாசில் கடைசியில்தான். நீங்கள் எழுதிய நாலு குறையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம்.

முதலில் டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இந்த இன்ஜினில் தானாகச் சரிசெய்துகொள்ளும் டாப்பெட் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும். வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் கசியும். குளிரில் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகை வரும். பார்ப்பவர் நாசில் என்பார். கேப் பார்க்க ஃபீலர் கேஜும் 14 மி.மீ. வளைந்த ஸ்பேனர் ஒரு ஜோடியும் ஒரு மணி நேரமும் போதும்.

அடுத்து ஹீட்டர் பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குவது. 1982 மாடல் என்றால் பென்சில் வடிவப் பிளக், நாலும் தனித்தனி இணைப்பு. (1980க்கு முந்தைய வண்டிகளில் சுருள் கம்பிப் பிளக் தொடராக இருக்கும், ஒன்று போனால் நாலும் போச்சு.) உங்களுடையதில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றில் வண்டி ஓடும். அந்தச் செத்த சிலிண்டர்தான் காலையில் வெள்ளைப் புகையும் டக் டக்கும் தரும். ரிலேயில் இருந்து தடித்த கனெக்டரைக் கழற்றி ஒவ்வொரு முனைக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள். நல்ல பிளக் 1 ஓமுக்குக் கீழே காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது. டிசம்பரில் ஊட்டிப் பள்ளங்களில் புல் மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலைகளில் மூன்று பிளக்கை நம்பக் கூடாது.

மூன்றாவது காற்று. பம்புக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற சின்ன ஃபில்டரைப் பாருங்கள், இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி ஓடினால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. பழைய மாடல் கைப்பம்பு, அதாவது வெள்ளைப் பிளாஸ்டிக் குமிழ் திருகுவது, காற்று நுழைய முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம். புதிய கறுப்புக் குமிழ் வகைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி தீரும்.

ரிட்டர்ன் ஹோஸ் ஈரம் என்றால் பேசவே வேண்டாம், இன்றே மாற்றுங்கள். வண்டி நிற்கும்போது அதன் வழியாகவும் காற்று ஏறும்.

இவை நாலும் முடிந்தபின் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கலாம். இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, 17 மி.மீ. ஸ்பேனரால் ஒரு இன்ஜெக்டரின் மேல் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். அந்த சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் தடுமாறும். குறையுள்ளது என்றால் தடுமாற்றம் குறைவு, ஆனால் டக் டக் நின்றுவிடும். இறுக்கி, அடுத்ததற்குப் போங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நட்டைச் சுற்றித் துணி இருக்கட்டும், விரலை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

சத்தம் 3ல் என்று வைத்துக்கொள்வோம். 3ல் உள்ள இன்ஜெக்டரையும் 1ல் உள்ளதையும் இடம் மாற்றுங்கள். சத்தம் 1க்குப் போனால் இன்ஜெக்டர்தான். 3லேயே இருந்தால் நாசிலுக்குச் செலவு செய்வது வீண், அங்கே ஹீட்டர் பிளக், வால்வு, கம்ப்ரஷன், ப்ரீசேம்பர் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சின்ன அறை) பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு இரண்டு வாஷர்.

---

பம்ப்மேசை | டிசம்பர் 9, மதியம் 1:20

வெலிங்டன்காரர் சொன்ன வரிசை சரிங்க. இன்ஜெக்டர்தான்னு உறுதியானா நாலையும் கழட்டி டெஸ்டர்ல போடணும். கோயம்புத்தூர்ல எந்த டீசல் பம்ப் கடையிலும் கை டெஸ்டர் இருக்குமுங்க. ஆனா என்ன அளவு வேணும்னு நீங்களே சொல்லித்தான் குடுக்கணும். லாரி, டிராக்டர்னு நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்லயே கை பழகினவங்க 200 பாருக்கு மேல வெச்சுடுவாங்க. உங்களது ப்ரீசேம்பர் இன்ஜின், நாசில் ஊசிமுனை வகை, திறக்கிற அழுத்தம் ரொம்பக் கம்மி.

புது நாசில்னா 115லிருந்து 123 பார். ஓடின நாசில் 100 பாருக்குக் கீழ இறங்கக் கூடாது. நாலுக்கும் நடுவுல வித்தியாசம் 5 பாருக்குள்ள இருக்கணும். கடையில ‘கிலோ’ன்னு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோன்னு) பேசுவாங்க, 1 பார்னா 1.02 கிலோ, அதனால அந்த வித்தியாசத்தைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். (பழைய ஆளுங்க ‘மைக்கோ செட்டிங்’னு சொன்னா குழம்பாதீங்க. பெங்களூரு மைக்கோதான் 2008லிருந்து போஷ் லிமிடெட்.)

அழுத்தம் மட்டும் பார்த்துட்டுக் குடுத்தா பாதி வேலைதாங்க. மூணு விஷயம் பக்கத்துல நின்னு பாருங்க.

ஒண்ணு, கசிவு. திறக்கிற அழுத்தத்துக்கு 20 பார் கீழ நிறுத்தி 10 செகண்ட் வெச்சுப் பாருங்க. முனையில ஈரம் படியலாம், சொட்டா உருண்டு விழக் கூடாது. சொட்டுற நாசில் சரியான நேரத்துக்கு முன்னாடியே டீசலை விடும், அது ஒண்ணாச் சேர்ந்து எரியும்போதுதான் அந்த ஆணி அடிக்கிற சத்தம்.

ரெண்டு, சத்தம். லீவரை மெதுவா அழுத்தும்போது நல்ல நாசில் ‘நர்ர்ர்’னு நடுங்கும், ஊசி துடிக்குதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம ‘ஸ்ஸ்’னு ஒழுகினா ஊசி ஒட்டுது, இல்லேன்னா இருக்கை தேய்ஞ்சுருக்கு.

மூணு, தெளிப்பு. வேகமா அழுத்தும்போது நேர் கீழே ஒடுங்கின ஒரே கூம்பா வரணும். பக்கவாட்டுல தனியா ஒரு கோடு பிரிஞ்சா முனையில கரி இருக்கு, இல்ல ஊசிமுனை தேய்ஞ்சுருக்கு.

கழுவி மறுபடி போடறதா இருந்தா கரியைப் பித்தளை பிரஷ்ல டீசல் தொட்டுத் தேய்ங்க. எமரி பேப்பர், இரும்பு பிரஷ் கிட்டக்கூடக் கொண்டுவராதீங்க. ஊசியும் அதோட பாடியும் ஒண்ணோடொண்ணு இழைச்ச ஜோடி, நாலு நாசிலை ஒரே தட்டுல கழட்டிக் கொட்டினா ஜோடி மாறிடும். நாலு கிண்ணம் வெச்சுக்கோங்க. கழுவினதும் ஒரு சோதனை இருக்கு: நாசிலைச் சுத்தமான டீசல்ல முக்கி, பாடியை 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சு, ஊசியை மூணுல ஒரு பங்கு வெளிய இழுத்து விடுங்க. தன் எடையிலயே வழுக்கிக்கிட்டு மெதுவா உள்ள போய் உக்காரணும். நடுவுல நின்னா, ஊசியைக் கொஞ்சம் திருப்பி வெச்சு மறுபடி விட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் நிக்குதுன்னா அந்த நாசில் வேண்டாம்.

அழுத்தம் ஏத்தணும்னா ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற சிம்மை, அதாவது அந்த மெல்லிய வட்டத் தகட்டை, தடிப்பா மாத்தணும். 0.05 மி.மீ. படியா வரும். ஒரு படி மாத்து, கட்டு, டெஸ்ட் பண்ணு, மறுபடி. நாலுக்கும் ஒரே தடிப்பு வராது, ஸ்பிரிங் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு தளர்ந்திருக்கும். இன்ஜெக்டர் ரெண்டு பாதியையும் 70லிருந்து 80 நியூட்டன் மீட்டர்ல இறுக்கணும்.

டெஸ்டர் முன்னாடி கையை நீட்டாதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய ஊசி குத்தின தடம் மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய காயம். அந்தப் புகை போன்ற தூறலும் தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

---

கொடை_மலைவண்டி | டிசம்பர் 9, மாலை 6:05

இதே இன்ஜின், கொடைக்கானலில் இருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் 17, 17, 16, 17 பார். புத்தகத்தில் புதிது 22 முதல் 24 என்று போட்டிருக்கிறது. இன்ஜின் வேலை செய்யணும் என்கிறார்கள். இன்ஜெக்டருக்குச் செலவு செய்வதா, இன்ஜினைப் பிரிப்பதா?

---

வெலிங்டன்_டீசல் | டிசம்பர் 9, இரவு 7:50

பிரிக்காதீர்கள்! அந்த எண் கொடைக்கானலுக்கு நல்ல எண்.

புத்தகத்தில் உள்ள அளவு கீழ்நாட்டுக் காற்றுக்கு. இன்ஜின் எந்த அழுத்தத்தில் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் 20 மடங்குக்கு மேல் அமுக்குகிறது. கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 76 சதவீதம்தான். அப்படியானால் கீழே 22 பார் காட்டும் இன்ஜின் ஊட்டியில் 17க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மலை உச்சியில் எடுத்த எண்ணை 1.3ஆல் பெருக்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் 17 கீழே 22. 16 கீழே 21.

புத்தகம் சொல்லும் குறைந்தபட்சம் 15 பார், சிலிண்டர்களுக்கு நடுவே வித்தியாசம் 3 பாருக்குள். ஊட்டியில் 15 பாருக்குச் சமமான எண் பதினொன்றரை. எண்ணைவிட நாலும் ஒத்திருக்கின்றனவா என்பதுதான் முக்கியம், அது எந்த உயரத்திலும் பொருந்தும்.

இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். கோயம்புத்தூரில் 118 வைத்தால் ஊட்டியிலும் 118தான்.

இதையே லவ்டேல் தம்பியின் கரும்புகைக்கும் பொருத்திப் பாருங்கள். மலையில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பம்ப் விடும் டீசலோ அப்படியே. டர்போ இல்லாத இன்ஜினில் முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் கரும்புகை வருவது இயல்பு. அதற்காகப் பம்பின் டீசல் அளவைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மேட்டுப்பாளையம் இறங்கியதும் வண்டி இழுக்காது. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஏற்றத்தில் கியரை ஒன்று இறக்குங்கள். புகைச் சான்றுக்கு பி.எஸ். 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யு. (புகை அடர்த்தியின் அலகு). நாசிலும் ஏர் ஃபில்டரும் ஒழுங்காக இருந்தால் அதற்குள் நிற்கும்.

---

லவ்டேல்_240டி | டிசம்பர் 10, காலை 7:30

நன்றி அண்ணா. டாப்பெட்டில் எக்ஸாஸ்ட் இரண்டு 0.20க்கு வந்திருந்தது, சரிசெய்தாகிவிட்டது. ஹீட்டர் பிளக் நாலும் 1 ஓமுக்குக் கீழே. வெள்ளைப் புகை பாதியாகக் குறைந்தது. நட்டைத் தளர்த்திப் பார்த்ததில் சத்தம் 3ல். கழற்றும்போது எதையும் உடைக்காமல் இருக்க என்ன கவனிக்க வேண்டும்?

---

வெலிங்டன்_டீசல் | டிசம்பர் 10, காலை 8:45

முதலில் தலையைச் சுற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவிடுங்கள். கழற்றிய ஓட்டைக்குள் விழும் ஒரு மணல் துகள் அடுத்த நாசிலைத் தின்னும்.

இரும்புப் பைப் நாலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்புகளை எடுத்துவிட்டு, பைப்பின் இரு முனை நட்டையும் 17 மி.மீ. ஸ்பேனரால் கழற்றுங்கள். பம்ப் பக்கத்தில் நட்டைத் திருப்பும்போது கீழே உள்ள டெலிவரி வால்வு ஹோல்டர் கூடவே திரும்புகிறதா என்று கண் வையுங்கள். அது திரும்பினால் அங்கே கசிவு ஆரம்பிக்கும். பைப்பை ஒன்றொன்றாக வளைக்காமல், நாலையும் சேர்த்துத் தூக்கி எடுங்கள். பம்ப் முனைகளை உடனே மூடிவிடுங்கள். பஞ்சுத்துணி வேண்டாம், நூல் உதிரும். பிளாஸ்டிக் மூடி அல்லது சுத்தமான ரப்பர் தொப்பி போதும்.

இன்ஜெக்டருக்கு 27 மி.மீ. ஆழ சாக்கெட். ரிட்டர்ன் ஹோஸ் மாட்டும் நிப்பிளில் சாக்கெட் இடிக்காத அளவு ஆழம் இருக்க வேண்டும், சின்ன சாக்கெட்டால் அதை உடைத்தவர்கள் பலர்.

இன்ஜெக்டர் வந்ததும் குழிக்குள் டார்ச் அடியுங்கள். அடியில் ஒரு வட்டத் தகட்டு வாஷர் உட்கார்ந்திருக்கும். வெப்பத்தை நாசிலுக்கு ஏறவிடாமல் தடுப்பதும், சிலிண்டரில் எரியும் வாயு கசியாமல் அடைப்பதும் அதுதான். அது ஒரு முறைக்கு மட்டும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டு, வளைந்த கம்பியால் தூக்குங்கள். கரியில் ஒட்டிக்கொண்டு அது கீழேயே நின்று, அதன் மேல் புதிய வாஷரையும் போட்டு இறுக்கினால் இரண்டு வாஷர். இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும், அடியில் தார் போல கறுப்பாகக் கசியும், ஓடும்போது ‘சிக் சிக்’ என்று மூச்சு விடும். கழற்றிய வாஷர்களை எண்ணுங்கள். நாலு வந்ததா?

புது வாஷர் போடுவதற்கு முன் குழியின் அடித்தளத்தில் உள்ள கரியைச் சுரண்டி வாக்குவம் வைத்து இழுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் மரையில் கையால் பாதிக்கு மேல் தடையின்றிப் போக வேண்டும். பிறகு டார்க் ரெஞ்சில் 70 முதல் 80 நியூட்டன் மீட்டர். ‘இன்னும் ஒரு இழு’ என்று கூடுதலாக இறுக்கினால் நாசில் உடம்பு நெளிந்து ஊசி பிடித்துக்கொள்ளும், டெஸ்டரில் நன்றாக இருந்தது வண்டியில் தட்டும்.

பைப் நட்டு எட்டையும் முதலில் விரலால் ஏற்றி, எல்லாம் நேராக உட்கார்ந்த பின்தான் ஸ்பேனர். 25 நியூட்டன் மீட்டர் போதும். கிளிப்புகளைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். கிளிப் இல்லாத பைப் அதிர்ந்து அதிர்ந்து நட்டின் கழுத்தில் விரிசல் விடும், அது நிகழ்வது பெரும்பாலும் ஏற்றத்தில்தான்.

---

கோத்தகிரி_பெட்டி | டிசம்பர் 10, மதியம் 12:15

பாகம் சேர்ப்பது பற்றி நான் சொல்கிறேன். மலையில் இருப்பவர்கள் விலை உயர்ந்ததை வாங்கி அலமாரியில் வைப்பார்கள், பத்து ரூபாய் வாஷர் இல்லாமல் வண்டி ஒரு வாரம் நிற்கும். அப்படிச் செய்யாமல், இன்ஜெக்டரை ஒரு முறை கழற்றினால் எதெல்லாம் திரும்பப் போட முடியாதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

வெப்ப வாஷர் எட்டு. நாலு ஒரு முறைக்கு, நாலு அடுத்த முறைக்கு. சோதனைக்காக இடம் மாற்றும்போதே இரண்டு போகும், அதனால் பத்து இருந்தாலும் தப்பில்லை. ரிட்டர்ன் ஹோஸ் உள்விட்டம் 3.2 மி.மீ., இரண்டு மீட்டர். ஒரு செட்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் ஆகும், ஆனால் துண்டு வெட்டும்போது ஒன்று குட்டையாகிவிடும். கடைசி இன்ஜெக்டரின் முனையை அடைக்கும் சின்னத் தொப்பி இரண்டு. அது காணாமல் போனால் இன்ஜின் மேலேயே டீசல் கொட்டும், வேறெதுவும் அந்த இடத்தில் நிற்காது. பைப் கிளிப் ஒரு செட்.

ஃபில்டர்: சின்னது நாலு, பெரியது இரண்டு. பெரிய ஃபில்டருக்கு நடுவே வரும் போல்ட்டின் சீல் வளையம் கூடவே. பாஞ்சோ போல்ட்டுகளுக்கு (நடுவே டீசல் போகும் ஓட்டையுள்ளவை) செம்பு வாஷர் 14 மி.மீ. பத்து, 12 மி.மீ. பத்து. கைப்பம்பு ஒன்று. ஹீட்டர் பிளக் இரண்டு, அதன் ரிலேயில் வரும் 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் இரண்டு.

இதற்குப் பிறகுதான் நாசில். தனி நாசில் வாங்கி வைப்பதைவிட, முழு இன்ஜெக்டர் ஒன்றைக் கட்டி, டெஸ்டரில் பார்த்து, அழுத்தத்தை எழுதிய சீட்டோடு வைப்பது மேல். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று தட்ட ஆரம்பித்தால் கழற்றி மாட்டிக்கொண்டு போகலாம், தனி நாசில் இருந்தால் டெஸ்டர் தேடி மலை இறங்கணும். நாசில் செட் வாங்குவதானால் நாலும் ஒரே தயாரிப்பு, ஒரே எண். நாசிலின் தோள்பட்டையில் பொறித்திருக்கும், டி.என்.0.எஸ்.டி. என்று தொடங்கி மூன்று இலக்கத்தில் முடியும். அந்த மூன்று இலக்கம் மாறினால் தெளிப்பு மாறும். உங்களிடம் உள்ளதைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டர்போ 300டி நாசில் ஹோல்டரில் பொருந்தும், அதற்காக அது உங்கள் இன்ஜினுக்கு உரியதாகிவிடாது.

பென்ஸ் பாக எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதல் மூன்று எண் அந்தப் பாகம் முதலில் எந்த இன்ஜினுக்கு வந்ததோ அதைக் குறிக்கும். 615 என்று தொடங்கும் பாகம் 616க்கும் வரும். கடைக்காரர் ‘இது உங்க இன்ஜின் இல்லையே’ என்றால் இதைச் சொல்லுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது தேடலாம். புதுப்பேட்டையில் கழற்றிய இன்ஜெக்டர் ஹோல்டர், இரும்புப் பைப், கிளிப் தேடலாம். கழற்றிய நாசில் மட்டும் எங்கும் வாங்காதீர்கள். புது டப்பாவிலும் போலி வருகிறது, அதனால் பம்ப்மேசை சொன்ன ஊசி வழுக்கும் சோதனையை வாங்கிய அன்றே செய்யுங்கள்.

இனி வைப்பது. குன்னூர், கோத்தகிரி ஈரத்தில் வெறும் இரும்பு இரண்டு மாதத்தில் துருப் பூக்கும். புது நாசில் துருத்தடுப்பு மெழுகோடு வரும், மாட்டும் நாள்வரை அந்த உறையைப் பிரிக்க வேண்டாம், மாட்டும்போது டீசலில் முழுக்கக் கழுவிவிடுங்கள். கட்டி வைத்த இன்ஜெக்டருக்குள் டெஸ்டர் எண்ணெய் நின்றிருக்கட்டும், இரு முனைக்கும் மூடி போட்டு, எண்ணெய்க் காகிதம் சுற்றி, இறுக மூடும் தகரப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வறுத்துப் போடுங்கள். ரப்பருக்கு வேறு பெட்டி, வெயிலும் பேட்டரி சார்ஜரும் படாத இடம். ரப்பருக்கு வயது உண்டு: வாங்கிய தேதியை எழுதுங்கள், முன்னால் வாங்கியதை முன்னால் எடுங்கள். ஹோஸை விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிர்க்கோடு தெரிந்தால் அது புதிதாக இருந்தாலும் பழையதுதான்.

---

கொடை_மலைவண்டி | டிசம்பர் 10, மாலை 5:30

பி.எஸ். 6 டீசலில் கந்தகம் இல்லை, பம்ப் காய்ந்துவிடும், டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்று என்கிறார்களே? குளிருக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பதும் உண்டு.

---

பம்ப்மேசை | டிசம்பர் 10, இரவு 8:10

2020 ஏப்ரல்லிருந்து வர்ற டீசல்ல கந்தகம் 10 பி.பி.எம்.தாங்க, உண்மைதான். ஆனா வழுவழுப்பு கந்தகத்தால மட்டும் வர்றதில்ல. தரத்துலயே வழுவழுப்புக்கு வரம்பு இருக்கு: சோதனையில தேய்மானத் தடம் 460 மைக்ரானுக்கு மேல போகக் கூடாது. சுத்திகரிப்பு ஆலையில அதுக்கான மருந்து சேர்த்துத்தான் விடறாங்க. உங்க பம்புல கேம் ஷாஃப்டுக்கு இன்ஜின் ஆயிலே போகுது, டீசலை நம்பி இருக்கறது பிளஞ்சரும் (பம்புக்குள்ள டீசலை அழுத்தற தண்டு) நாசில் ஊசியும்தான். டூ-டி ஆயில் ஊத்தித்தான் ஆகணும்கறது எனக்கு ஏற்பில்லைங்க. ஊத்தறவங்க 200க்கு 1க்கு மேல போகாதீங்க, அதிகமானா நாசில் முனையில கரி படியும். பிறகு நாசில் மோசம்னு டெஸ்டருக்கு வருவீங்க.

நிஜமான பிரச்சினை பழைய ரப்பர். முந்தின டீசல்ல ஊறி உப்பிக்கிடந்த ஓ-ரிங், புது டீசல்ல சுருங்கும். டெலிவரி வால்வுக்குக் கீழ ஈரம், கைப்பம்புல ஈரம் எல்லாம் அதனாலதான். ஓ-ரிங்கை ‘விட்டான்’ (Viton)னு டீசலைத் தாங்கற ரப்பர்ல மாத்துங்க, அதுக்கப்புறம் பயம் இல்ல. டெலிவரி வால்வைத் தொட்டா ஒண்ணு முடிச்சு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் புதுச் செம்பு வளையம், புது ஓ-ரிங். 30 நியூட்டன் மீட்டர் இறுக்கி, தளர்த்தி, மறுபடி 30, தளர்த்தி, கடைசியா 35. கசிவு இல்லேன்னா அதைத் தொடவே வேண்டாங்க.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வழுவழுப்பைக் கெடுக்கும், ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊத்தறது சட்டப்படியும் குத்தம்.

மலையில நாசிலைக் கொல்றது தண்ணிங்க. பாதி டேங்கோட ஜூன்லிருந்து நிறுத்தினா, ராத்திரிக் குளிர்ல டேங்க் சுவர்ல வேர்த்து அடியில சேரும். தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கறுப்பா வழவழன்னு பாசி பிடிச்சு டேங்க் அடி வலையை அடைக்கும். ஊசிமுனையில பொட்டுப் பொட்டாத் துரு தெரிஞ்சா காரணம் அதுதான். நிறுத்தறதுக்கு முன்னாடி 65 லிட்டர் டேங்கை நிரப்பிடுங்க.

---

நஞ்சநாடு_ஜிப்ஸி | டிசம்பர் 11, காலை 10:00

பெட்ரோல் இன்ஜெக்டர் வண்டிக்கும் இதேதானா?

---

வெலிங்டன்_டீசல் | டிசம்பர் 11, காலை 10:40

அது வேறு. அங்கே அழுத்தம் சில பார்தான், திறப்பது மின்சாரம். அல்ட்ராசோனிக்கில் கழுவி, நாலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று கண்ணாடிக் குழாயில் அளந்து வாங்குங்கள். மேல் ஓ-ரிங், கீழ் ஓ-ரிங், உள் ஃபில்டர் கூடை மூன்றையும் மாற்றுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் நிற்காது, ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். மேற்கொண்டு தனிப் பதிவு தொடங்குங்கள், இங்கே டீசல் முடியட்டும்.

---

லவ்டேல்_240டி | டிசம்பர் 13, இரவு 9:15

டெஸ்டர் அளவு: 1ல் 112, 2ல் 108, 3ல் 94, 4ல் 110. மூன்றாவதில் நர்ர் சத்தம் இல்லை, முனையில் சொட்டு நிற்கிறது. மற்ற மூன்றும் நன்றாக நடுங்குகின்றன, தெளிப்பும் கூம்பாக இருக்கிறது. கழற்றிய வாஷர் ஐந்து! 3ன் குழியில் இரண்டு இருந்தன. மூன்றாவதுக்கு மட்டும் நாசில் மாற்றினால் போதுமா?

---

பம்ப்மேசை | டிசம்பர் 13, இரவு 10:05

அந்த ரெண்டாவது வாஷர்தாங்க 3ஐக் கெடுத்துருக்கு. சரியா அடைக்காம சூடான வாயு ஏறி நாசில் முனையைச் சுட்டுருக்கு.

மூணாவதுக்கு மட்டும் புது நாசில் போட்டு 118 வெச்சா, 2ல 108, வித்தியாசம் 10. நாலும் ஒரே அளவுல இருந்தாத்தான் ஐடில் அமைதியா இருக்கும். மத்த மூணும் நடுங்குது, சொட்டல, அதனால அந்த நாசிலைத் தூக்கிப் போட வேண்டாம். 3க்குப் புது நாசில், மத்த மூணுக்கும் சிம் ஏத்தி, நாலையும் 115க்கும் 118க்கும் நடுவுல வைக்கச் சொல்லுங்க. பிரிக்கும்போது நடுத்தட்டைப் பாருங்க, நாசில் உக்கார்ற முகத்துல கறுப்பு வளையம் இருந்தா கண்ணாடி மேல 2000 நம்பர் பேப்பர் போட்டு, எண்ணெய் விட்டு, எட்டு போட்ட மாதிரி தேய்ச்சு மட்டமாக்கணும். சிம், ஸ்பிரிங், அழுத்தக் குச்சி, நடுத்தட்டு, நாசில்: மேலிருந்து இதே வரிசைல கட்டணும்.

மாட்டினதும் கைப்பம்பை அடிச்சுக்கிட்டே இருங்க. ஃபில்டர் பக்கம் திரும்பற ஓவர்ஃப்ளோ வால்வு ‘உர்ர்’னு முனகற வரைக்கும். அப்புறம் இன்ஜெக்டர் பக்கத்து நட்டு நாலையும் ஒரு சுத்து தளர்த்தி, ஸ்டார்ட்டரை 10 செகண்ட் சுத்தி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி. நுரை போய் வெறும் டீசல் வந்ததும் இறுக்குங்க. பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கட்டும், இல்லேன்னா நடுவழில நின்னுடும்.

100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு காஞ்ச காகிதத்தை நாலு இன்ஜெக்டரோட அடியிலயும், பைப் நட்டு எட்டுலயும், ரிட்டர்ன் ஹோஸ் நுனிகள்லயும் ஒத்தி எடுங்க. டீசல் ஈரம் வெளிர் மஞ்சளாப் படியும், வாஷர் கசிவு கறுப்பாப் படியும். கறுப்புன்னா இறுக்கிச் சரிபண்ணப் பார்க்காதீங்க, கழட்டிப் புது வாஷர் போடுங்க.

---

லவ்டேல்_240டி | டிசம்பர் 14, காலை 7:05

சரிங்க ஐயா. வாஷர் பன்னிரண்டு வாங்குகிறேன்.